நட்டமும் ஈடும்

நட்டஈடு என்ற சொல்லை நாளாந்தம் பத்திரிகைகளிற் காண்கிறோம். வெள்ளத்துக்கு நட்டஈடு, புயலுக்கு நட்டஈடு, வீதி விபத்துக்கு நட்டஈடு என்று அது தலைப்புகளில் வந்து போகிறது. சொல்லைப் பிரித்துப் பார்ப்பவர் குறைவு. 'நட்டம்' வடமொழி வழிவந்தது; இழப்பு என்பது அதன் பொருள். 'ஈடு' என்பதற்கு ஒப்பு, நிகர் என்று பொருள் கொள்ளலாம். யாழ்ப்பாணத்தவருக்கோ அச்சொல் இன்னொரு பொருளையும் உடனே நினைவூட்டும். காணியை ஈடு வைத்தல், ஈட்டுறுதி முடித்தல், ஈடு மீட்டல் என்பன எமது ஊரில் வீட்டுக்கு வீடு வழங்கும் தொடர்கள். ஈடு வைத்த பொருள் என்றோ ஒருநாள் மீளும் என்ற நம்பிக்கை அவ்வழக்கினுள் இருக்கிறது. நட்டஈட்டிலுள்ள ஈடு அத்தகையதன்று. அதைக் கேட்பவர், போனது இனி மீளாது என்று முதலில் ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொண்டு கையொப்பமும் இடவேண்டும். அந்தக் கையொப்பம் ஒரு குடும்பத்தில் எவ்வளவு பாரமானதாயிற்று என்பதையே இங்கு எழுத முற்படுகிறேன். அக்குடும்பம் என்னுடைய பெரியம்மாவினது.

1998 செப்டெம்பர் 29 ஆம் திகதி, ஒரு செவ்வாய்க்கிழமை, பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட அன்ரனோவ் 24 வகை விமானம் மன்னாருக்கு அப்பாலுள்ள கடற்பரப்பில் மறைந்தது. பயணிகள் 48 பேர். விமானப் பணியாளர் 7 பேர். ஒருவரும் மீளவில்லை. அக்காலத்தில் தரைவழிப் பாதை மூடப்பட்டிருந்தது. குடாநாட்டிலிருந்து தெற்கே செல்ல விரும்பியவருக்குக் கப்பலும் விமானமுமே கதி. இரண்டுக்கும் பாதுகாப்புத் தரப்பின் அனுமதி வேண்டும். ஆகவே வசதி படைத்தோரின் வாகனமாக விமானம் அங்கு இருக்கவில்லை. வைத்தியத்துக்குச் செல்வோர், வெளிநாட்டுக்குச் செல்ல ஆயத்தஞ் செய்வோர், விடுமுறை முடிந்து கந்தோருக்குத் திரும்புவோர் என்று நகையை அடைவு வைத்தாவது அதில் ஏறவேண்டியவர்களே ஏறினர். பெரியம்மாவின் மகன் கடைசி வகையைச் சேர்ந்தவர். கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். எனக்கு அண்ணா முறை. மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் தாயோடு ஊரில் விட்டுவிட்டுக் கொழும்பில் அறையொன்றில் இருந்தவர். செவ்வாயிற் பயணம் வேண்டாமென்று பெரியம்மா சொல்லியிருந்தாராம். அனுமதி கிடைத்த நாளில் அல்லவா போகமுடியும்!

முதல் மாதம் எப்படிப் போயிற்று என்று எழுதத் தேவையில்லை. அத்தகைய மாதங்களை இந்நாட்டிற் பலரும் அறிவர். அதன்பின் தொடங்கியதே வேறு வகையானது. உடல் இல்லை. உடல் இல்லாத இடத்தில் தர்ப்பையால் உருச்செய்து எரிக்கும் வழக்கம் சைவர்களிடையே உண்டு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையாவது செய்யவேண்டுமென்று ஊரிற் பெரியவர்கள் வந்து சொன்னார்கள். பெரியம்மா மறுத்துவிட்டார். கடலில் விழுந்தவர் கரையேறியதில்லையா, பிடித்து வைத்திருந்து பின்னர் விட்டதில்லையா என்று அவர் கேட்டார். அக்காலத்தில் அக்கேள்விக்குப் பதில் சொல்லும் துணிவு எவருக்கும் இருக்கவில்லை. ஏனெனில், ஆண்டுக்கணக்கில் காணாமற்போயிருந்தவர் ஒருநாள் படலையைத் திறந்துகொண்டு வந்த கதை அயற்கிராமத்திலேயே இருந்தது.

ஆனால் வீட்டில் இன்னொருவரும் இருந்தார். அண்ணிக்கு அப்பொழுது முப்பத்திரண்டு வயது. மாதச் சம்பளம் நின்றுவிட்டது. மூன்றாம் மாதம் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதில் அண்ணா தமது கடமைக்குச் சமூகமளிக்கவில்லையென்றும், தக்க காரணம் காட்டாவிடிற் பதவியை வறிதாக்கியவராகக் கருதப்படுவாரென்றும் கண்டிருந்தது. எந்தக் கந்தோர் என்பதைச் சொல்லப்போவதில்லை. எழுதியவர் தீய மனிதராகவும் இருந்திருக்கமாட்டார். வரவுப் பதிவேட்டில் வெறுமையாகக் கிடந்த கட்டங்கள் அவரைக்கொண்டு அக்கடிதத்தை எழுதுவித்தன. கடிதத்தை அண்ணியே வாசித்துப் பெரியம்மாவுக்குச் சொன்னார். பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. "பாத்தியே, அவங்களும் அவனைச் செத்தவன் எண்டு சொல்லேல்லை" என்றார்.

நான் அப்பொழுது பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவன். குடும்பத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதத் தெரிந்தவன் என்ற பெயர் எனக்கிருந்தது. அதனால் எழுதும் வேலை என்னிடம் வந்தது. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்கு ஒரு விண்ணப்பம்; வங்கியிலிருந்த சிறு சேமிப்பைப் பெற ஒன்று; ஆயுட் காப்புறுதிக்கு ஒன்று; விமான விபத்துக்கான நட்டஈட்டைப் பற்றி விசாரித்து ஒன்று. எல்லாவற்றுக்கும் மறுமொழி ஒன்றுதான்: மரண அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியை இணைத்து அனுப்புக.

அண்ணி சலிக்காமல் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். ஒருமுறை நானும் உடன் சென்றேன். விண்ணப்பத்தை வாங்கிய எழுதுவினைஞர் அதையும் அண்ணியையும் மாறிமாறிப் பார்த்தார். விதவைகள் ஓய்வூதியம் கேட்டு வந்தவரின் நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலியும் இருந்தன. வீட்டில் மாமியாரின் கண்முன் அவற்றை நீக்க அவருக்கு முடியாது. கந்தோரில் அவற்றுடன் நிற்கவும் முடியாது. ஒரே நாளில் அவர் முற்பகலில் விதவையாகவும் பிற்பகலிற் சுமங்கலியாகவும் இருக்கவேண்டியிருந்தது. இதைப் புரிந்துகொள்ளுமளவுக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை.

இவ்வேளையில் நூலகத்தில் விமானப் பயணச் சட்டத்தைப் பற்றிய நூல்களைத் தேடி வாசித்தேன். நான் கலைப்பீட மாணவன். எனக்கும் சட்டத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் அந்நூல்களில் ஒரு விசித்திரமான உலகம் இருந்தது. 1929 அக்டோபர் 12 ஆம் திகதி போலந்தின் தலைநகரான வார்சோவில் ஓர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. விமானப் போக்குவரத்து அன்று குழந்தைப் பருவத்தில் இருந்தது. ஒரு பெருவிபத்து ஒரு நிறுவனத்தையே அழித்துவிடக்கூடும். எனவே ஒரு பண்டமாற்றைச் செய்தார்கள். விபத்து நேர்ந்தால் நிறுவனத்தின் தவறு ஊகிக்கப்படும். அதனைக் குடும்பத்தவர் நிரூபிக்கவேண்டியதில்லை. அதற்குப் பதிலாக, நிறுவனம் வேண்டுமென்றே தவறிழைத்தாலன்றி, ஓர் உயிருக்குக் கொடுக்கவேண்டிய தொகை ஓர் எல்லையைத் தாண்டாது. அவ்வெல்லை 125,000 பிராங். எந்தப் பிராங்? நாணயங்களின் மதிப்பு ஆட்டங்கண்ட காலமாகையால் அதனைப் பொன்னாலேயே வரையறுத்தார்கள். ஆயிரத்தில் தொளாயிரம் பங்கு தூய்மையுள்ள பொன்னில் 65.5 மில்லிகிராம் ஒரு பிராங்.

கணக்குப் பார்த்தேன். 125,000 பிராங் என்பது எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் கூடிய பொன். எங்கள் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ ஆயிரம் பவுண்! சீதனப் பேச்சில் பத்துப் பவுணுக்கும் பதினைந்து பவுணுக்கும் இடையில் நாட்கணக்காகத் தர்க்கித்த குலத்தில் வந்த எனக்கு அந்தத் தொகை திகைப்பைத் தந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டியபோதுதான் உண்மை தெரிந்தது. பொன்னை எடைபோட்டுக் கொடுப்பவர் எவருமில்லை. அரசாங்கங்கள் நிர்ணயித்திருந்த பழைய பொன் விலையில் மாற்றியே கொடுத்தார்கள். அவ்வாறு மாற்றும்போது ஆயிரம் பவுண் சுமார் 8,300 அமெரிக்க டொலராகச் சுருங்கிற்று. 1955 இல் ஹேக் நகரிற் செய்த திருத்தம் எல்லையை இரட்டிப்பாக்கியது. 1999 மே மாதத்தில் மொன்றியலில் உருவான புதிய உடன்படிக்கையே பழைய எல்லையை உடைத்தது. 1999 மே என்பது அண்ணாவின் விமானம் மறைந்து எட்டு மாதங்களின் பின். அது நடைமுறைக்கு வந்தது 2003 இல்.

இவையெல்லாவற்றையும் குறிப்பெடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன். வயதானவர், நிதானமாகப் பேசுபவர். குறிப்புகளைப் பொறுமையுடன் வாசித்துவிட்டு, "தம்பி, எல்லாம் சரி. ஆனால் உங்கடை அண்ணா வெளிநாட்டுக்குப் போகேல்லையே" என்றார்.

வார்சோ உடன்படிக்கை தன்னளவில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் செல்லும் பயணத்துக்கு உரியது. 1974 டிசம்பர் 4 ஆம் திகதி இந்தோனேசியாவிலிருந்து மக்காவுக்கு யாத்திரிகர்களை ஏற்றி வந்த டிசி 8 விமானம் மஸ்கெலியாவுக்கு அருகில் ஏழு கன்னிமலையில் மோதிச் சிதறியது. 191 பேர் மாண்டனர். 1978 நவம்பர் 15 ஆம் திகதி யாத்திரை முடித்துத் திரும்பியவர்களின் விமானம் கட்டுநாயக்காவில் தென்னந்தோப்பொன்றில் வீழ்ந்தது. 183 பேர் மாண்டனர். அவர்கள் எமது மண்ணில் இறந்தவர்களாயினும் அவர்களின் பயணம் நாடுகளுக்கு இடைப்பட்டது. வீழ்ந்த இடமன்று, புறப்பட்ட இடமும் சேரவேண்டிய இடமுமே சட்டத்தைத் தீர்மானிக்கின்றன. பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் எத்தனை சோதனைச் சாவடிகள் இருந்தாலென்ன, எத்தனை அனுமதிச் சீட்டுகள் வேண்டியிருந்தாலென்ன, சட்டத்தின் கண்ணில் அது உள்நாட்டுப் பயணமே. ஆகவே நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம டச்சுச் சட்டத்தையே நாடவேண்டும் என்பது சட்டத்தரணியின் அபிப்பிராயம். அதன்படி வழக்காடினால் யாருடைய தவற்றால் விமானம் வீழ்ந்தது என்பதை நாமே நிரூபிக்கவேண்டும்.

அதற்கப்பால், எதற்கு நட்டஈடு என்ற கேள்வி இருந்தது. உரோம டச்சுச் சட்டம் துயரத்துக்கு விலை வைப்பதில்லை. இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தவர்கள் இழந்த பணத்தையே அது கணக்கெடுக்கும். 2001 இல் ஒரு வைத்தியக் கவனயீன வழக்கிலும் உயர் நீதிமன்றம் இந்நிலையையே உறுதிப்படுத்தியது. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் மன வேதனை அச்சட்டத்தின்கீழ் நட்டஈட்டுக்கு உரியதாகவில்லை. சட்டத்தரணி ஒரு தாளை எடுத்துக் கணக்கைக் காட்டினார். மாதச் சம்பளம்; ஓய்வுபெறும் வயதுவரை எஞ்சிய ஆண்டுகள்; இரண்டையும் பெருக்கவேண்டும். வருங்காலத்துப் பணத்தை இன்றே பெறுவதால் ஒரு பங்கைக் குறைக்கவேண்டும். உயிரோடிருந்தால் அவர் தமக்கெனச் செலவிட்டிருக்கக்கூடிய தொகையையும் கழிக்கவேண்டும்.

அன்றிரவு இதைப் பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கழிக்கவேண்டிய கணக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் சாப்பிட்டிருக்கக்கூடியதையும் கழிக்கிறதோ?"

ஆம் என்றேன். அதன்பின் அவர் அக்கதையை எடுக்கவில்லை. நட்டஈட்டை ஆராயும் நூல்கள் எத்தனையோ இருக்கின்றன. அவ்வொரு கேள்விக்கு நிகரான விமர்சனத்தை அவற்றில் நான் கண்டதில்லை. அதற்காகச் சட்டத்தைக் கொடியதென்று சொல்ல வரவில்லை. தங்கியிருந்தவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய தொகையை அறிய வேறு வழியில்லை. தாய் கணக்கெடுத்த நட்டம் வேறு, சட்டம் கணக்கெடுத்த நட்டம் வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதே சங்கடம்.

காலக் கணக்கும் இருந்தது. வழக்குத் தொடுக்கும் காலவரையறையைக் கூறும் 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய இழப்புக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும். வார்சோவிலும் அதே இரண்டு ஆண்டுகள்தான். ஆனால் உடல் கிடைக்காத ஒருவரைப் பற்றிக் கந்தோர்களில் எல்லோரும் சொன்ன எண் ஏழு. ஏழாண்டு கேள்வியில்லாதிருந்தால் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது ஆங்கிலேயரிடமிருந்து பெற்று 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்திற் பொறித்த விதி. இரண்டு ஆண்டுகளில் மூடப்படும் கதவுக்கு ஏழு ஆண்டுகளிற் கிடைக்கும் திறப்பு! விமானத்தில் ஏறியதற்கான பதிவைக் கொண்டு ஏழாண்டு காத்திராமலே மரணத்தை நிரூபிக்க வழியுண்டென்று சட்டத்தரணி கூறினார். குடாநாட்டை விட்டு வெளியேற அனுமதி வேண்டியிருந்த காலத்தில் எவர் எந்நாளில் வெளியேறினார் என்பதற்குப் பதிவு இல்லாமற்போகுமா? எங்களை அலைக்கழித்த அதே அனுமதிச் சீட்டு எங்களுக்குச் சாட்சியாயிற்று.

எனினும் காரணம் எவருக்கும் உறுதியாகத் தெரியாதிருந்தது. இயந்திரக் கோளாறா, ஏவுகணையா? இரண்டு கதைகளும் ஊரில் இருந்தன. இரண்டையும் உரத்துச் சொல்ல எல்லோருக்கும் பயமும் இருந்தது. நட்டஈட்டைப் பொறுத்தவரை இது வெறும் வம்பன்று. விமானங்களுக்கான சாதாரணக் காப்புறுதியில் யுத்தத்தால் நேரும் அழிவு விலக்கப்பட்டிருக்கும். அதற்கு வேறாகக் காப்புறுதி பெறவேண்டும். ஆயுட் காப்புறுதிகள் பலவற்றிலும் அத்தகைய விலக்கு உண்டு. ஆகவே கோளாறென்றால் ஒருவர் பொறுப்பு. ஏவுகணையென்றால் இன்னொருவர் பொறுப்பு. அந்த இன்னொருவர்மீது எந்த நீதிமன்றில் வழக்கிடுவது? காரணமோ விமானத்துடன் கடலடியிற் கிடந்தது. அதை எடுக்க யுத்தம் முடியவேண்டியிருந்தது.

இவ்விடர்ப்பாடு எமக்கு மாத்திரம் உரியதன்று. 1988 ஜூலை 3 ஆம் திகதி ஈரானின் பயணிகள் விமானமொன்றை அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ் பாரசீக வளைகுடாவில் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் மாண்டனர். எட்டு ஆண்டுகளின் பின், 1996 இல், இரு அரசாங்கங்களும் ஓர் இணக்கத்துக்கு வந்தன. ஈரானியரான 248 பேரின் குடும்பங்களுக்கு 61.8 மில்லியன் டொலர் என்று தீர்ந்தது. உழைத்தவருக்குத் தலைக்கு 300,000, உழைக்காதவருக்கு 150,000. சட்டப் பொறுப்பை ஏற்காமலே அப்பணம் கொடுபட்டது. வார்சோவின் 8,300 டொலரோடு ஒப்பிட்டால் இது பெருந்தொகை. ஆனால் ஒரே விமானத்தில் ஒரே கணத்தில் இறந்த தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இருவேறு தொகை என்ற கணக்கை எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்?

எங்கள் வீட்டு வழக்கை அப்படியே ஒத்தது பின்னாளில் மலேசியாவில் நிகழ்ந்தது. 2014 மார்ச் 8 ஆம் திகதி கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட விமானம் 239 பேருடன் மறைந்தது. 2015 ஜனவரி 29 ஆம் திகதி மலேசிய அதிகாரிகள் அது விபத்தென்றும், அதிலிருந்தோர் இறந்ததாகக் கொள்ளப்படுவரென்றும் பிரகடனஞ் செய்தார்கள். குடும்பங்கள் நட்டஈடு பெறுவதற்கு வழிசெய்வதே நோக்கமென்று கூறினார்கள். நோக்கம் நல்லதுதான், அப்பிரகடனம் இல்லாவிடிற் குடும்பங்கள் எங்கள் அண்ணியைப்போல அலையவேண்டியிருக்கும். ஆனால் உறவினரிற் பலர் அதனைச் சினத்துடன் எதிர்த்தனர். விமானத்தைக் காட்டாமல் மரணத்தை எப்படிச் சொல்லலாம் என்று கேட்டனர். பெய்ஜிங்கிலிருந்த அத்தாய்மாரின் படங்களைப் பத்திரிகையிற் பார்த்தபோது அவர்களின் மொழி எனக்கு விளங்கவேண்டியிருக்கவில்லை.

எங்கள் வீட்டில் விடயம் முற்றியது 1999 ஆம் ஆண்டு முடிவில். சட்டத்தரணி இரண்டு சத்தியக்கடதாசிகள் வேண்டுமென்றார். ஒன்று மனைவியிடமிருந்து, மற்றது தாயிடமிருந்து. தாய் உயிரோடிருக்க அவரின் சொல் இல்லாமற் போனால் கந்தோரில் கேள்வி எழும் என்றார். அண்ணி ஒருநாள் மாலை நேரே கேட்டுவிட்டார். பெரியம்மா சொன்ன பதில் இன்றும் செவியில் நிற்கிறது.

"நீ வைக்கிறதெண்டா வை பிள்ளை. என்ர பிள்ளை செத்தவன் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன். பெத்தவள் எழுதிக் குடுத்து வாங்கிற காசு எனக்கு வேண்டாம்."

"மாமி, காசு உங்களுக்கில்லை, பிள்ளையளுக்கு. அவர் இருக்கிறாரெண்டால் சம்பளம் வந்திருக்கவேணும். இல்லையெண்டால் பென்சன் வரவேணும். ரண்டுமில்லாமல் நான் எப்பிடி உலை வைக்கிறது?"

இருவரும் சொன்னது நியாயம். அன்றைய மனநிலையில் எனக்கு அண்ணியின் பக்கமே சாய்வு இருந்தது; இன்றும் அப்படித்தான். நம்பிக்கை பெரிதென்று எழுதுவது எளிது. அந்த நம்பிக்கைக்கு உணவூட்டியவர் அண்ணியே. அயலாருக்குத் தைத்துக் கொடுத்தும், தமது தாலிக்கொடியை ஒழிந்த ஏனைய நகைகளை ஒவ்வொன்றாக அடைவு வைத்தும் அவர் அவ்வீட்டை நடத்தினார். கணவனுக்காகக் காத்திருந்த மனைவியரைப் பாடிய இலக்கியத்தை வகுப்பறைகளில் நயக்கும் நாம், காத்திருப்பவளுக்கு அரிசி எங்கிருந்து வந்ததென்று கேட்பதில்லை.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் அந்தச் சட்டத்தரணியே. நான் நடந்ததைச் சொன்னதும் அவர் சிறிதுநேரம் யோசித்தார். பிறகு தாமே எழுதத் தொடங்கினார். தாயின் சத்தியக்கடதாசியில் 'இறந்துவிட்டார்' என்ற சொல்லே வரவில்லை. இன்ன நாளில் இன்ன விமானத்தில் என் மகன் ஏறினார். அன்றுமுதல் இன்றுவரை நான் அவரைக் காணவில்லை. அவரிடமிருந்து கடிதமோ செய்தியோ எனக்குக் கிடைக்கவில்லை. உயிருடனிருந்தால் அவர் என்னுடன் தொடர்புகொள்ளாமல் இருக்கமாட்டார் என்பதை அறிவேன். இவ்வளவுதான். சட்டம் தாயிடம் எதிர்பார்ப்பதும் உண்மையில் இவ்வளவே. அவள் கேள்விப்பட்டாளா இல்லையா என்பதையே அது கேட்கிறது. இறந்தாரா என்று முடிவு செய்வது வேறொருவரின் வேலை. படிவங்களை அச்சிட்டவர்கள் அந்த வேலையையும் சேர்த்துத் தாயின் தலையில் வைத்துவிட்டார்கள்.

சமாதான நீதவானின் வீட்டு விறாந்தையில் அதனை மும்முறை வாசித்துக் காட்டினேன். கடைசி வாக்கியத்தில் பெரியம்மா நிறுத்தச் சொன்னார். மீண்டும் வாசித்தேன். "ஓம், அது சரி. இருந்தால் எழுதாமல் இருக்கமாட்டான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கையொப்பமிட்டார். அண்ணி முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். மரணம் பதிவாயிற்று, ஓய்வூதியம் நிலுவையுடன் வந்தது, வங்கிப் பணமும் கிடைத்தது. விமான விபத்துக்கான நட்டஈட்டு வழக்கு தொடுக்கப்படவில்லை. தவற்றை நிரூபிக்கக் கையில் ஒன்றுமில்லாமல் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கப்பலில் அலைந்து வழக்காடும் வலு அக்குடும்பத்துக்கு இருக்கவில்லை. 2000 செப்டெம்பர் 29 வந்து போயிற்று. அந்நாளில் அக்கதவு மூடியதை அவ்வீட்டில் அறிந்திருந்தவன் நான் ஒருவனே; சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்த பின், 2012 அக்டோபரில், இரணைதீவுக்கு அண்மையில் கடலடியில் விமானத்தின் சிதைவுகளைக் கடற்படைச் சுழியோடிகள் கண்டெடுத்தார்கள். விடுதலைப் புலிகளின் ஏவுகணையாலேயே அது வீழ்ந்ததென்பது விசாரணையாளரின் முடிவு. பதினான்கு ஆண்டுகளாக ஊர் இரகசியமாகப் பேசிய இரண்டு கதைகளில் ஒன்று அரசாங்கத்தின் அறிக்கையாயிற்று. அதற்குள் வழக்கிடும் காலம் ஏழு மடங்கு கடந்திருந்தது.

சட்டம் பிறகு மாறியிருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். 2010 இல் வந்த ஒரு தற்காலிகச் சட்டம் யுத்தத்திற் காணாமற்போனோரின் மரணத்தை ஏழாண்டு காத்திராமற் பதிவுசெய்ய வழிவிட்டது. 2016 இல் அதற்கு ஒரு திருத்தம் வந்தது. மரணம் என்று சொல்ல மனமில்லாத குடும்பத்துக்கு, அவர் இங்கில்லை என்பதை மாத்திரம் கூறும் ஒரு சான்றிதழை வழங்க அது இடமளித்தது. அதைக் கொண்டு குடும்பத்தவர் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தச் சான்றிதழில் எத்தனையோ குறைகளைச் சொல்கிறார்கள். தேடுதலை நிறுத்திவிட அரசுக்கு அது ஒரு சாட்டு என்போரும் உளர். நான் அதனை வாசித்தபோது ஒரு வயோதிபச் சட்டத்தரணியின் கையெழுத்துத்தான் ஞாபகத்துக்கு வந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் அவர் ஒரு தாளில் எழுதியதையே பாராளுமன்றம் பிறகு எழுதியது. 2019 இல் வந்த இன்னொரு சட்டம் பிறரின் தவற்றால் ஒருவர் இறக்கும்போது அன்பையும் துணையையும் இழந்தமைக்கும் குடும்பத்தவர் நட்டஈடு கேட்கலாமென்று ஆக்கியது. தாயின் கணக்கிற் சிறுபகுதி சட்டத்தின் கணக்கில் ஏறிற்று. மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கையும் இணைந்துவிட்டது. தவற்றை நிரூபிக்காமலே ஒரு குடும்பம் நிரூபித்த இழப்புக்காகப் பெறக்கூடிய தொகையின் எல்லை அதன்கீழ் 100,000 சர்வதேச நாணய அலகுகளில் தொடங்கி, 2024 டிசம்பர் முதல் 151,880 ஆக உயர்ந்திருக்கிறது. இரண்டு ஆண்டு வரையறை மாத்திரம் 1929 இல் இருந்தவாறே இருக்கிறது. கடலடியிலுள்ள விமானத்தைக் கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுகள் போதுமென்று எவர் தீர்மானித்தாரோ தெரியாது.

2014 ஜனவரியில், சிதைவுகளோடு மீட்ட உடைகளை உறவினர் அடையாளங் காண்பதற்காக யாழ்ப்பாணத்திற் காட்சிக்கு வைத்தார்கள். அண்ணியும், அப்பொழுது வளர்ந்து ஆசிரியையாகியிருந்த மகளும் போனார்கள். பெரியம்மா எண்பதைக் கடந்திருந்தார், வெளியே போவதில்லை. மாலையில் அவர்கள் திரும்பி வந்தபோது நானும் வீட்டிலிருந்தேன். அவருடையதென்று சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை என்று அண்ணி சொன்னார். பதினைந்து ஆண்டுகள் உப்புநீரிற் கிடந்த துணியில் நிறத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்றும் சொன்னார்.

பெரியம்மா அன்று ஒன்றும் கேட்கவில்லை. மறுநாட் காலை என்னை அழைத்து, அலுமாரியின் அடித்தட்டிலிருந்த கோவையை எடுக்கச் சொன்னார். பழைய விண்ணப்பங்களும் கடிதங்களும் அதில் இருந்தன. சத்தியக்கடதாசியின் பிரதியைத் தேடி எடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அதிலை எழுதினது இன்னும் சரிதானே, தம்பி?"

சரிதான் என்றேன். தாளை வாங்கி மடித்துத் தாமே கோவைக்குள் வைத்துக்கொண்டார்.